பிட்னஸ் தாளின் மூன்றாவது வரி

என் வேன் பிட்னஸ் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அந்த மார்ச் மாதமும் தோற்கவில்லை. முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, சிங்களத்தில் "ஹரி", சரி என்று சொல்லித்தான் தாளைத் தந்தார்கள். ஆனால் முத்திரைக்கு மேலே, சின்னக் குறைகளை எழுதுவதற்கென்று இருக்கும் கட்டத்தில், நீலப் பேனாவால் மூன்று வரி எழுதியிருந்தது. மற்ற வருடங்களில் அந்தக் கட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு மட்டும்தான் இருக்கும்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஹட்டனில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். சின்ன வேன், எட்டுப் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஏற்றி இறக்க என் மனைவியும் தினமும் கூடவே வருவாள். பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்பதால் வருடத்துக்கு ஒருமுறை கராஜுக்குக் கொண்டுபோய் வீதியில் ஓடத் தகுதியானதுதான் என்று எழுதி வாங்க வேண்டும். நான் போகும் கராஜ் கினிகத்தேனைக்குக் கீழே இருக்கிறது. சோதிப்பவர் பொல்பிட்டியப் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்ப்பார், ஏறி வந்து எழுதுவார்.

எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். வண்டிக்குள் உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் கூட்டிப் படித்தேன். முதல் வரி, முன் இடது சக்கரத்து மூட்டின் ரப்பர் வெடித்திருக்கிறது என்றது. இரண்டாவது, ஹேண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட இரண்டு பல் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது என்றது. மூன்றாவதைப் படிக்கத்தான் நேரம் எடுத்தது. பின் இடது பக்கம், அடிச்சட்டத்தின் நுனியில் ஒட்டு வேலை செய்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறது. இப்போதைக்குப் பயமில்லை, அடுத்த முறை மறுபடி பார்க்கவும்.

இறங்கிப் போய் அவரிடம் கேட்டேன். இது குறை இல்லை, கவனத்துக்காக எழுதியது, எழுதி வைத்தால் உங்களுக்குத்தான் நல்லது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த லொறிக்குக் கீழே போய்விட்டார். எனக்கு நல்லது செய்ய இந்த மனிதருக்கு என்ன அவசியம் என்று யோசித்தேன். கராஜுக்குப் பக்கத்திலேயே உதிரிப்பாகக் கடை ஒன்று இருந்தது. ரப்பருக்கும் பிரேக்குக்கும் அங்கே போகட்டும் என்று எழுதியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒட்டு வேலைக்கு அந்தக் கடையில் விற்க ஒன்றுமில்லை. அந்த வரியை அவர் எழுதியதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிங்கள எழுத்து தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாஸ்தானே, அப்புறம் என்ன?" என்றாள். பிறகு, "எந்தப் பக்கம்னு எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

இடது பக்கம் என்றேன். தாளைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடி காய் நறுக்கப் போனாள். அந்தக் கேள்வி அப்போது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

ஒவ்வொரு வருடமும் பிட்னஸ் தாளின் பிரதியொன்றை வேனின் பின் கண்ணாடியில் உள்ளிருந்து ஒட்டி வைப்பேன். பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைப் பார்த்தால் ஒரு திருப்தி. அந்த முறை ஒட்டவில்லை. எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா தோட்டத்து ஒப்பீசில் கிளார்க். அவர் சிங்களத்தை விறுவிறுவென்று படிப்பார். ஒட்டு வேலை என்ற சொல்லைப் பார்த்தால் மற்ற ஏழு வீட்டுக்கும் அன்றைக்கே போய்விடும்.

அதோடு எனக்கு மறைக்க வேறொன்றும் இருந்தது. முந்தின வருடம் ஜூன் மாதம், ஒரு காலையில், கொட்டகலைக்கு முந்தின வளைவில் எனக்குத் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. சீனி வியாதிக்கு மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வண்டி ஏறியிருந்தேன். எப்படியோ ஓரத்தில் நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது, சட்டை முழுக்க வியர்வை. பின்னால் எட்டுப் பிள்ளைகள். மனைவி தண்ணீரும் இனிப்பும் தந்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் கிளம்பினோம். டயரில் காற்று குறைந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னோம். வீடுகளில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு சாப்பிடாமல் வண்டி எடுப்பதில்லை. இருந்தாலும் பெற்றோர் யாராவது என்னைக் கூர்ந்து பார்த்தால் அது தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

அடுத்த வாரம் கொட்டகலையில் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே போனார். வெளியே வந்தவர், ஒட்டு நல்ல ஒட்டு, அவசரத்தில் செய்தது இல்லை என்றார். பெயின்டை நகத்தால் சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது பழைய வேலை இல்ல அண்ணே. மிஞ்சிப் போனா மூணு நாலு மாசம் இருக்கும். பம்பரையும் தட்டி எடுத்து மறுபடி மாட்டியிருக்காங்க. தெரியக் கூடாதுன்னு செஞ்ச வேலை."

அதுவரை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை நான் வாங்கும்போதே அடிபட்ட வண்டியாக இருந்திருக்கும், மூன்று வருடம் யார் கண்ணுக்கும் படாமல் இருந்திருக்கும் என்று. வீட்டுக்குப் போனதும் பழைய தாள்கள் வைத்திருந்த பையை எடுத்தேன். முந்தின வருடத் தாளில் அதே மனிதரின் கையெழுத்து, அதே கட்டத்தில் ஒரு கோடு. அப்படியானால் ஒட்டு ஒரு வருடத்துக்குள் விழுந்தது. டிங்கர் பாஸ் சொன்ன கணக்கில் நவம்பர் அல்லது டிசம்பர்.

டிசம்பரில் வண்டி என்னிடம் இல்லை. பள்ளிக்கூட விடுமுறையில் மாலை போட்டு ஐயப்பன் மலைக்குப் போயிருந்தேன். போய்வர இரண்டு வாரம் ஆனது. எங்கள் லயத்து வீடுகள் பக்கத்தில் வண்டிகளின் பேட்டரி களவு போய்க்கொண்டிருந்ததால், வேனையும் சாவியையும் ஹட்டனில் நானாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஹட்டன் டவுனில் இரும்புச் சாமானும் கயிறும் பூட்டும் விற்கும் கடை அவருடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இந்த வேனை எனக்குத் தேடிக் கண்டுபிடித்ததே அவர்தான். குருநாகல் வரை என்னோடு வந்து, வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்து, எடுங்க தம்பி என்று சொன்னவர். கடைக்குப் பின்னால் அவர் வீடும், மதில் வைத்த பெரிய வளவும் இருந்தன. விடுமுறைக் காலங்களில் நானும் இன்னும் மூன்று வேன்காரர்களும் வண்டியை அங்கேதான் நிறுத்துவோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்றரை மணிவரை நாங்கள் ஹட்டனில் காத்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் மற்ற வேன்காரர்களோடு இருப்பேன். என் மனைவி நானாவின் வீட்டுக்குப் போய்விடுவாள். நானாவின் மனைவியை நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். இரண்டு பேரும் சேர்ந்து சமைப்பார்கள், தைப்பார்கள். நோன்பு காலத்தில் கஞ்சி ஸ்டாண்டுக்கே வரும்.

அப்படிப்பட்ட வீட்டைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேனை முழுக்கத் துழாவினேன். இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, கதவு இடுக்குகளில் விரல்விட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையின் இடுக்கில் முத்துத் தலை வைத்த ஊசியொன்று கிடைத்தது. தலையில் போடும் துணியைக் குத்திக்கொள்ள ராத்தா வைத்திருக்கும் ஊசி. என் மனைவி அந்த மாதிரி ஊசி வைத்திருப்பதில்லை. ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நானே கோத்துக்கொண்டேன். நான் மலைக்குப் போன நேரத்தில் நானாவின் குடும்பம் என் வண்டியில் ஊர் சுற்றியிருக்கிறது. ராத்தாவின் தம்பி வலப்பனையில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர். வேகமாக ஓட்டுவார் என்று பெயர். அவர்தான் ஓட்டியிருப்பார், எங்கேயோ இடித்திருப்பார். எனக்குத் தெரியாமல் ஒட்டி, பெயின்ட் அடித்து, கழுவித் தந்திருக்கிறார்கள். திரும்பி வந்த அன்று வண்டி பளபளவென்று இருந்தது நினைவுக்கு வந்தது. கழுவிக்கூட வைத்திருக்கிறாரே என்று அன்று நெகிழ்ந்துபோனேன். இப்போது அதுவே சாட்சியாகிவிட்டது.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, மனைவியை ஸ்டாண்டில் இருக்கச் சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனேன். நானா கயிறு அளந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

"டிசம்பர்ல என் வண்டிய எடுத்தது யாரு நானா?" என்று கேட்டேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். உள்ள வாங்க தம்பி, உக்காந்து பேசலாம் என்றார். வேண்டாம், இங்கேயே சொல்லுங்கள் என்றேன். தாளைக் காட்டினேன். டிங்கர் பாஸ் சொன்னதைச் சொன்னேன். ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவர் தாளைப் படித்து முடித்து, மடித்து என்னிடம் தந்தார். "என்ட வளவுல நிண்ட வண்டி. நடந்த பிழைக்கு நான்தான் பொறுப்பு. திருத்தினதும் நான்தான்."

"ஓட்டுனது யாருன்னு கேக்குறேன்."

"அத என்கிட்ட கேக்காதீங்க தம்பி."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒருவேளை யோசனை வந்திருக்கும். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குற்றம் செய்தவன்தான் கண்ணைத் தாழ்த்துவான் என்று நான் முடிவு கட்டினேன். ஊசியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இதை உங்கள் வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாமான் வாங்க நின்ற இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

ஸ்டாண்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே கதை கொஞ்சம் வளர்ந்தது. எடுத்து ஓட்டினார்கள் என்பது வாடகைக்கு விட்டிருப்பார்கள் என்று ஆனது. என் வண்டியை விட்டவர் மற்ற வண்டிகளையும் விட்டிருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம் என்று நானே கேட்டேன். மற்ற மூன்று பேரும் முகம் மாறிப் போய்த் தங்கள் வண்டிகளைக் குனிந்து பார்த்தார்கள். ஏப்ரல் விடுமுறைக்கு இனி யாரும் அந்த வளவில் நிறுத்துவதில்லை என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

மனைவி வேனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. வாதாடவும் இல்லை. மூன்று வருடமாகத் தினமும் போய்வந்த வீட்டுக்கு இனிப் போகாதே என்றால் ஒரு கேள்வியாவது கேட்க மாட்டாளா? அதுவும் எனக்குச் சந்தேகத்தைத்தான் தந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு வந்த சோற்றில் பாதியை அப்படியே வைத்தாள். போன் அடித்தால் எடுத்துக்கொண்டு மதிலோரம் போய் நின்று தணிந்த குரலில் பேசினாள். நான் அந்தப் பக்கம் நடந்தால் பேச்சு நின்றது. புதன்கிழமை அவள் முகம் கழுவப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் ராத்தாவோடு ஏழு முறை பேசியிருந்தாள். நானாவோடு இரண்டு முறை. நானாவோடு அவளுக்குப் பேச என்ன இருக்கிறது? என் மனம் போகக் கூடாத இடத்துக்கும் போனது. எழுதக் கூசுகிறது, ஆனால் போனது உண்மை. நான் இல்லாத இரண்டு வாரத்தையும் ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன். தினமும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் வந்ததாக அவளே சொல்லியிருந்தாள். ராத்தாவுக்குத் தையல் உதவி என்று சொன்னாள். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். மழை விட்டு மூட்டம் போட்டிருந்தது. நாங்கள் நான்கைந்து பேர் கூடி நின்றிருந்தோம். ஒருவன் நானாவைப் பற்றி ஏதோ சொன்னான். வளவுக்கு வெளியே வாடகை வண்டி என்று பலகை மாட்டச் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு பகிடி. எல்லோரும் சிரித்தோம். அப்போது வேனின் கதவு திறந்தது. மனைவி இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"சாவியக் குடுங்க," என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுத்துவிட்டேன். நீங்களும் ஏறுங்க என்றாள். ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள், ஸ்டார்ட் செய்தாள். இரண்டு வேன்களுக்கு நடுவே பின்னால் எடுத்து, ஒரே முறையில் திருப்பி வீதிக்கு ஏற்றினாள். என் கை தானாக ஹேண்ட் பிரேக்கின் மேல் போனது. கைய எடுங்க என்று சொன்னாள், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே. ரயில் பாதைப் பக்கமாக இறங்கி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மைதானத்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்த பிறகுதான் பேசினாள்.

"டிசம்பர்ல ஓட்டுனது நான்தான். பின்னால எடுக்குறப்ப தண்ணிக் கொழாய்த் தூண்ல இடிச்சதும் நான்தான். ராத்தா பக்கத்துல ஒக்காந்திருந்தாங்க."

அவளே தொடர்ந்து சொன்னாள். ராத்தா தன் சின்னக் காரில் ஆகஸ்ட் மாதத்திலிருந்தே அவளுக்கு ஓட்டப் பழக்கியிருக்கிறார். காலையில் நான் ஸ்டாண்டில் கதையடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த மைதானத்து ஓரத்திலேயே. பழகுநர் அனுமதியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தான் ஓட்ட வேண்டியது கார் இல்லையே, வேன்தானே என்று டிசம்பரில் அவள்தான் வேனை எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாள். இடித்த பிறகு அழுதிருக்கிறாள். நானா வந்து பார்த்து, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்று சொல்லி, நான் வருவதற்குள் திருத்திவைத்திருக்கிறார். லைசன்ஸ் கைக்கு வரும்வரை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டது இவள்தான். அவருக்கு அதில் விருப்பமே இல்லையாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"கேட்டேன். மூணு தடவ கேட்டேன். ஒனக்கு எதுக்கு இதெல்லாம்னு சிரிச்சீங்க." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு அந்த வளைவுல நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு வேர்த்துக் கொட்டுறீங்க. பின்னால எட்டுப் புள்ளைங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளைங்களத் திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அன்னைக்கே நெனச்சேன், இனி இப்படி ஒக்கார மாட்டேன்னு."

போனில் பேசியதையும் அவளே சொன்னாள். திங்கட்கிழமை நான் கடையில் சத்தம் போட்ட பிறகு, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடப் போவதாக நானாவுக்குப் போன் செய்திருக்கிறாள். லைசன்ஸ் பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமைதானே இருக்கிறது, கோபத்தில் போகவிடாமல் செய்துவிடுவார், கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, அவர் பேசுறத நான் தாங்கிக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். வெட்கமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாலு நாளாக எனக்குள் கிடந்தது முழுக்கக் கரையவில்லை.

"ஓட்டச் சொல்லிக் குடுத்தது ராத்தா மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கேள்விக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நானும் பார்த்தேன். சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, தூறலில் டவுனை நோக்கி நடந்தாள். பின்னால் போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் சரியான நேரத்துக்கு வந்து பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றினாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம், தேவைக்கு மேல் பேசவில்லை.

மறுநாளே நானாவின் கடைக்குப் போனேன். இந்தமுறை ஆட்கள் போகும்வரை காத்திருந்தேன். தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். தங்கச்சி நல்லா ஓட்டுவா, பரீட்சைக்கு அனுப்புங்க என்றார். பிறகு, "வேற ஏதும் எடுக்கணுமா?" என்று கேட்டார், கடைக்கு வரும் எல்லோரிடமும் கேட்பது போல. உள்ளே வரச் சொல்லவில்லை. ராத்தா கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. வெளியே வரவில்லை.

ஸ்டாண்டில் சொன்னதையும் திருத்த வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. வண்டியை இடித்தது என் மனைவி என்றால் ஏன் ஒளித்துப் பழகினாள் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் வளைவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள், நானாவின் கடைப் பக்கம் போன ஒரு வேன்காரன் அவருக்குக் கேட்கும்படி ஏதோ சொன்னான் என்று தெரிந்ததும், எல்லோரையும் கூப்பிட்டு வைத்து முழுக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சீனி எவ்வளவு என்று மட்டும் ஒருவன் கேட்டான்.

அந்த வார இறுதிக்குள் அது தோட்டத்துக்கு வந்துவிட்டது. கிளார்க் ஐயா என்னை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் கூப்பிட்டு அமைதியாக விசாரித்தார். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒரு தாய் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து என்னிடம் நேராகவே சொன்னாள்: "நீங்களா வந்து சொல்லியிருந்தா நாங்க வேற மாதிரி யோசிச்சிருப்போம்ங்க. எங்க புள்ளையும்தானே உள்ள இருந்துச்சு." டயரில் காற்று குறைந்தது என்று அவள் மகளிடம் பொய் சொன்னவன் நான்.

மனைவி பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். இப்போது காலையும் மதியமும் அவள்தான் ஓட்டுகிறாள். நான் பின்னால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன், சாப்பிட்டுவிட்டு. நிறுத்திய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். என் மனைவி ஓட்டுவதாக இருந்தால் அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பகல் வேளைகளில் மனைவி மறுபடி ராத்தாவின் வீட்டுக்குப் போகிறாள். என்னை யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. வரவும் சொல்லவில்லை.

நானா என்னைக் கண்டால் வாங்க என்கிறார். முன்பு அதோடு ஒரு தம்பியும் வரும். சில நாளில் வருகிறது, சில நாளில் வருவதில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போகிறதா, நினைத்துத்தான் விடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. போன கிழமை கோழிக்கூட்டுக்கு ஒரு பூட்டு வாங்கப் போனேன். நல்ல பூட்டாகத் தேடி எடுத்து, திறந்து மூடிக் காட்டி, காகிதத்தில் சுற்றினார். சுற்றியதை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். கடையில் அன்றைக்குக் கூட்டம்தான். இருந்தாலும் கொட்டகலை தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, என்ன யோசனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.